வேலை இல்லாத நாளில் மூன்று குளிசை

அந்த ஆஸ்பத்திரி மருந்தகத்தின் மூன்றாம் ஜன்னல் இதுவரை நான்கு தடவை திறந்துவைக்கப்பட்டிருக்கிறது. ஒரு தடவைகூடத் திறந்ததில்லை.

முதல் தடவை நாடா வெட்டினார்கள். படத்தில் நாடா சிறியதாகத் தெரிந்ததால் இரண்டாம் தடவை பெரிய நாடாவாக வாங்கி வெட்டினார்கள். மூன்றாம் தடவை குத்துவிளக்கு ஏற்றினார்கள். நான்காம் தடவை கொழும்பிலிருந்து வந்த ஒருவர் திரையை விலக்க, 'தமிழில் மருந்து விளக்கம்' என்று எழுதிய பித்தளைப் பலகை பளபளத்தது. பலகையை மாட்டியவன் நல்ல வேலைக்காரன். காற்றுக்கு ஆடக்கூடாதென்று நீளமான திருகாணியாகப் பார்த்துப் போட்டான். அது பலகையைத் தாண்டி, மரச்சட்டத்தைத் தாண்டி, ஜன்னலின் இழுப்புக் கதவையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டது.

இது யாருக்கும் தெரியாது. ஜன்னலைத் திறந்து பார்த்தால் அல்லவா தெரியவரும்.

ஹட்டனுக்கும் டயகமவுக்கும் நடுவே இருக்கிற அந்த ஆஸ்பத்திரிக்கு நாளொன்றுக்கு அறுநூறு பேர் மருந்தெடுக்க வருவார்கள். முக்கால்வாசிப் பேர் தோட்டத்து ஆட்கள். அறுநூறு பேரும் முதலாம் ஜன்னலில்தான் நிற்பார்கள். அங்கே பிரதம மருந்தாளர் டோரீன் மிஸ் தனியாளாக நின்று எடுத்துக் கொடுப்பார். இரண்டாம் ஜன்னல் வாட்டுகளில் படுத்திருப்பவர்களுக்கு. பூட்டிய மூன்றாம் ஜன்னலுக்குப் பின்னால் இரண்டு பேர் உட்கார்ந்து, நோயாளிக்கு மருந்து கொடுப்பது எப்படி என்று ஒரு வருடமாகப் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்தார்கள்.

அவர்களில் ஒருத்தி நிலக்ஷி. டயகமப் பக்கத்துத் தோட்டமொன்றில் தேயிலைக் கொழுந்து பறிக்கிற வீரம்மாவின் மகள். நான்கு வருடம் பல்கலைக்கழகத்தில் படித்து, பதிவு இலக்கமும் வாங்கி, இலங்கையின் எந்த மூலையிலும் எந்த மருந்தையும் எடுத்துக் கொடுக்கச் சட்டப்படி உரிமை பெற்றவள். இந்த ஆஸ்பத்திரியில் மட்டும் அவள் ஒரு பனடோல் அட்டையைக்கூட யாருக்கும் நீட்டக்கூடாது. ஏனென்றால் இங்கே அவள் உயர்பயிற்சி பெறுகிறாள்.

எதையும் மூன்று தரம் சரிபார்க்கிற பிள்ளை. மூன்று தரமும் சரியாக வந்தால், மூன்று தரமும் ஒரே பிழையைத் தவறவிட்டோமோ என்று நாலாந்தரமும் பார்ப்பாள். பயிற்சித் திட்டத்தின் கைந்நூல் நூற்றுப் பதினெட்டுப் பக்கம். வந்த முதல் வாரத்திலேயே அதை முழுவதும் வாசித்தாள். அதை அப்படி வாசித்த ஒரே ஆள் அவள்தான் என்பது பிற்பாடு தெரியவந்தது. எழுதியவர்களும் வாசித்திருக்கவில்லை.

திட்டத்தின் பெயர் 'பட்டப்பின் உறைவிட மருந்தாளர் மேம்பாட்டு நிகழ்ச்சித்திட்டம்'. பணிப்பாளர் கலாநிதி ஞானரட்ணம். வெளிநாடொன்றில் பதினோரு நாள் தங்கி, இப்படியான ஒரு திட்டத்தைக் கண்ணால் கண்டு வந்தவர். அதில் ஏழு நாள் பனி பெய்ததால் அறையைவிட்டு வெளியே வரவில்லை. மீதி நாலு நாளில் கண்டதைத்தான் மலைநாட்டுக்குக் கொண்டுவந்திருந்தார்.

கண்டவற்றில் முக்கியமானது காலை ஒன்றுகூடல். ஏழு மணிக்குப் பயிலுநர்கள் மருந்தகத்துக்கு முன்னால் வரிசையாக நிற்க வேண்டும். கலாநிதி பெயர் கூப்பிடுவார். இருவரும் "சேர்" என்று சொல்ல வேண்டும். பிறகு அன்றைய வேலையைப் பிரித்துக் கொடுப்பார். பிந்தி வந்தால் அரை நாள் வெட்டு.

ஒருநாள் ரொட்டியும் சம்பலும் கட்டிக்கொண்டு மகளைப் பார்க்க வந்த வீரம்மா, இதைத் தூணுக்குப் பக்கத்தில் நின்று முழுவதும் பார்த்தாள்.

"என்னாடி இது, தோட்டத்துப் பெரட்டு மாதிரி இருக்கு?"

"பெரட்டு இல்லம்மா. இது வெளிநாட்டு மொற."

"பேரு கூப்புடுறாரு. மல பிரிச்சுக் குடுக்குறாரு. லேட்டானா அரப்பேரு, அர நாள் சம்பளம். இத பெரட்டுன்னு சொல்லாம என்னான்னு சொல்றது? நாங்க மழையில நிக்கிறோம், நீங்க கூரைக்குக் கீழ நிக்கிறீங்க. இதுக்கா நாலு வருசம் படிச்ச?"

பக்கத்தில் நின்ற மற்றப் பயிலுநர் றொக்சன் சிரிப்பை அடக்கிக்கொண்டான். நோர்வூட் பையன். வாய் மட்டும் அடங்காது. "அம்மா, ஒங்களுக்காவது சாயங்காலம் கொழுந்த நிறுத்துப் பாப்பாங்க. எங்களுக்கு நிறுக்கிறதுக்கு ஒன்னுமே இல்ல" என்றான்.

உண்மைதான். கைந்நூலில் நாற்பத்திரண்டு பணிகள் இருந்தன. ஒவ்வொன்றையும் பயிலுநர் செய்ய, தகுதியானவர் ஒருவர் பார்த்துக் கையொப்பமிட வேண்டும். முதலாம் பணி: நோயாளியின் கையில் மருந்தைக் கொடுத்து, குடிக்கும் முறையை விளக்குதல். முதலாம் பணிக்குக் கையொப்பம் கிடைத்தால்தான் மூன்றாம் ஜன்னலில் நிற்கலாம். ஆனால் கையொப்பம் கிடைக்கும்வரை எந்த நோயாளிக்கும் மருந்து கொடுக்கக்கூடாது.

நிலக்ஷி இதை நாலு தரம் வாசித்துவிட்டு, பிழை தன்னுடையதாகத்தான் இருக்கும் என்ற பயத்தோடு கலாநிதியிடம் போனாள்.

"சேர், ஒரு சின்ன சந்தேகம். கையொப்பம் இல்லாம மருந்து குடுக்கக்கூடாது. குடுக்குறத பாக்காம கையொப்பம் போட ஏலாது. அப்ப மொதல்ல எது சேர்?"

கலாநிதி கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"மிக ஆழமான கேள்வி. இதுதான் எங்கள் பயிற்சியின் வெற்றி. சாதாரண மருந்தாளருக்கு இந்தக் கேள்வி எழவே எழாது. அவர் மருந்தைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்."

"அப்ப எப்படி சேர் ஜன்னலத் தொறக்கிறது?"

"மகள், இந்தத் திட்டத்தின் முதல் நோக்கம் நோயாளியின் பாதுகாப்பு. திட்டம் ஆரம்பித்த நாளிலிருந்து எங்கள் பயிலுநர்களால் ஒரு நோயாளிக்கும் ஒரு தீங்கும் நேரவில்லை. பூச்சியம். இந்த இலக்கத்தைக் கொழும்பிலேயே பாராட்டுகிறார்கள். அதைக் கெடுக்கப் போகிறீர்களா? இன்றைக்கு உங்கள் மனதில் எழுந்ததை முன்னூறு சொல்லில் எழுதி வையுங்கள்."

முன்னூறு சொல் எழுதுவதற்கென்று சிந்தனைக் கொப்பி என ஒன்று இருந்தது. ஒவ்வொரு நாளும் எழுத வேண்டும். நிலக்ஷி அடித்துத் திருத்தி, மனதிலிருந்ததை எழுதினாள். றொக்சன் ஏப்ரலில் எழுதியதையே மே மாதமும் ஜூன் மாதமும் திகதி மாற்றி எழுதினான். ஜூன் முடிவில் அவனுக்கு 'சிந்தனையில் தெளிவான வளர்ச்சி' என்றும் அவளுக்கு 'கையெழுத்து சரிவாக உள்ளது' என்றும் குறிப்பு வந்தது.

மருந்து கொடுக்க முடியாதவர்களுக்கு வேறு பயிற்சிகள் இருந்தன. ஆறு வாரம் மருந்துக் குளிர்சாதனப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து வெப்பநிலையைக் குறித்தார்கள். நான்கு வாரம் வெறும் நாற்காலிக்கு மருந்து விளக்கினார்கள். நாற்காலிக்கு ஆஸ்துமா என்று வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். மூன்றாம் வாரம், அதே நாற்காலிக்குச் சீனி வியாதியும் சேர்ந்துவிட்டது.

"பாவம், இந்தக் கதிரைக்கு வயசாகுது" என்றான் றொக்சன்.

நிலக்ஷி சிரிக்கவில்லை. இழுப்புக் கதவுக்கு அந்தப் பக்கம் ஆட்கள் நிற்கிற சத்தம் அவளுக்குக் கேட்டுக்கொண்டே இருக்கும். "மூனு வேளையா ரெண்டு வேளையா மிஸ்?" என்று யாராவது முதலாம் ஜன்னலில் கேட்பார்கள். டோரீன் மிஸ் பதில் சொல்வதற்குள் பின்னாலிருப்பவர் மருந்துத் துண்டை நீட்டிவிடுவார். ஒரு ஆளுக்கு அரை நிமிஷம். அதற்குமேல் போனால் கடைசி ஆளுக்குக் கடைசி பஸ் போய்விடும். ஒருநாள் பொறுக்கமாட்டாமல் வெளியே போய், வரிசையில் நின்ற ஒரு பெண்ணுக்கு உறையில் எழுதியிருந்ததை வாசித்துச் சொன்னாள். அடுத்த நாள் கடிதம் வந்தது. விடயம்: மேற்பார்வையின்றிப் பேசியமை.

செப்டம்பரில் பண்பாட்டுப் பொருத்தக் குழு கூடியது. மூட்டு வாத நோயாளிகளுக்குக் கொடுக்கிற மஞ்சள் குளிசைக்கு ஒரு லேபல் தயாரிக்க வேண்டும். சின்னக் குளிசை. ஆனால் வாரத்தில் ஒரேயொரு நாள்தான் குடிக்கலாம். நாள் கூடினால் வாய் புண்ணாகும், இரத்தம் குறையும், உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே 'ஞாயிற்றுக்கிழமை மட்டும் மூன்று குளிசை' என்று டோரீன் மிஸ் ஒரு துண்டில் எழுதிக் கொடுத்திருந்தார். அதைச் சரிபார்க்கக் குழு ஐந்து தடவை கூடி, ஐந்து தடவையும் தேநீர் குடித்தது.

"ஞாயிற்றுக்கிழமை என்பது நகரத்துச் சிந்தனை" என்றார் கலாநிதி. "தோட்டத் தொழிலாளியின் வாழ்வில் நாட்காட்டிக்கு இடமில்லை. அவர்களுடைய காலம் வேலையோடு பின்னிப் பிணைந்தது. நாம் அவர்களுடைய மொழியில் பேச வேண்டும். 'வேலை இல்லாத நாளில் மூன்று குளிசை.' எப்படி?"

குழு கைதட்டியது. நிலக்ஷி அந்தக் கூட்டத்தில் 'சமூகப் பிரதிநிதி' என்ற அட்டைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். கையை அரைவாசி உயர்த்தினாள்.

"சேர், எங்க லயத்துல ஒரு வீட்டுக் காம்பராவுல மூனு கலண்டர் தொங்குது."

"அது அலங்காரத்துக்கு."

"இல்ல சேர், ஞாயித்துக்கெழம வேலை இல்லைன்னு சொல்ல ஏலாது. கொழுந்து கூடுன காலத்துல ஞாயித்துக்கெழமயும் கைக்காசுக்குப் பறிக்கப் போவாங்க. மாசி மாசத்து வெயில்ல கொழுந்து இல்லாம வாரத்துக்கு மூனு நாள்தான் வேலை குடுப்பாங்க. அப்ப வேலை இல்லாத நாளு நாலு வருது."

கலாநிதி புன்னகையோடு குழுவைப் பார்த்தார்.

"பாருங்கள், எவ்வளவு அழகான அவதானம்! ஆனால் மகள், நீங்கள் இன்னும் அவதானிப்பு நிலையில் இருக்கிறீர்கள். ஆலோசனை நிலைக்குப் பதினெட்டாம் பணிக்குப் பிறகுதான் வருவீர்கள். இதைச் சிந்தனைக் கொப்பியில் எழுதுங்கள்."

எழுதினாள். முன்னூற்றுப் பன்னிரண்டு சொல். கூட்ட அறிக்கையில் 'சமூகப் பிரதிநிதி கலந்துகொண்டார்' என்று வந்தது. லேபல் பத்தாயிரம் அச்சாகி வந்தபோது அடியில் சின்ன எழுத்தில் இப்படி இருந்தது: 'சமூக ஆலோசனை: நிலக்ஷி'.

அன்றே அவள் விசாரிக்கத் தொடங்கினாள். மஞ்சள் குளிசை எடுக்கிறவர்கள் முப்பத்தொரு பேர் என்று அறிந்தாள். பெயர்களைக் கேட்டாள். அந்தரங்கம், அவதானிப்பு நிலையிலுள்ளவர் பார்க்கக்கூடாது என்றார்கள். டோரீன் மிஸ்ஸிடம் போய்ச் சொன்னாள். டோரீன் மிஸ் மருந்து எண்ணுவதை நிறுத்தாமலே கேட்டார்.

"நீ சொல்றது சரி புள்ள. லேபல்ல கை வைக்க வேணாம்னு கலாநிதி எனக்கும் கடிதம் குடுத்திருக்காரு. நேருல பாக்கிற ஆளுக்கு வாயால சொல்றேன். ஆனா அறுநூறு பேருல யாருக்குச் சொன்னேன், யாருக்குச் சொல்லலன்னு எனக்கே தெரியாது."

"நான் சொன்னது ஒருவேள பிழையோ மிஸ்? எங்க தோட்டத்துல மட்டும்தான் அப்படியோ?"

"அத ஒங்கம்மாகிட்டப் போய்க் கேளு. இந்தக் குழுகிட்டக் கேக்காத."

மார்ச் மாதம் இறுதிப் பரீட்சை வந்தது. கொழும்பிலிருந்து ஒரு பரீட்சகர் அம்மையார் வந்தார். உண்மையான நோயாளியை வைத்துப் பரீட்சை நடத்தக்கூடாது என்பது விதி. உண்மையான நோயாளிகளுக்கு என்ன வருத்தம் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது, புள்ளி போடுவது கஷ்டம். ஆகவே ஆஸ்பத்திரிச் சிற்றூழியர் தனுஷன் தலைவலிக்காரனாக நடிப்பதாக ஏற்பாடு. அன்று காலை தனுஷனுக்கு உண்மையிலேயே தலைவலியும் காய்ச்சலும் வந்துவிட்டது. ஆகவே அவன் தகுதியிழந்தான்.

கலாநிதி பதறிப்போய் வரிசைக்கு ஓடினார். நின்றவர்களை மேலும் கீழும் பார்த்து, முன்னால் நின்ற ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்ணைக் கூப்பிட்டார். பெயர் காளியாயி. நோர்வூட் பக்கத்துத் தோட்டம்.

"அம்மா, ஒரு சின்ன உதவி. நோயாளி மாதிரி நடிக்க வேண்டும்."

"நடிக்கிறதா? ஐயா, எனக்கு நெசமாவே..."

"அதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் நடிப்பு."

நிலக்ஷியின் முறைதான் முதலில். சுவரில் மணிக்கூடு. எட்டு நிமிஷம். பரீட்சகர் அம்மையாரின் கையில் இருபத்துநாலு கட்டங்கள் போட்ட தாள். புன்னகைத்தாரா, தன்னை அறிமுகப்படுத்தினாரா, இடைமறிக்காமல் கேட்டாரா, நன்றி சொல்லி விடைபெற்றாரா. காளியாயிக்கு வாசிக்கத் தெரியாததால் றொக்சன் திரைக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக் கொடுக்க வேண்டும்.

"வணக்கம்மா. என் பேரு நிலக்ஷி. ஒங்களுக்கு என்ன செய்யுது?"

திரைக்குப் பின்னாலிருந்து றொக்சன் முணுமுணுத்தான். "எனக்குத் தலைவலிக்கிறது."

"தலைவலிக்குதாம்" என்றாள் காளியாயி. "அந்தத் தம்பிக்குப் போல. எனக்குத் தல நல்லாத்தான் இருக்கு புள்ள. வாயிதான். தண்ணி குடிக்க முடியல. ரொட்டி முழுங்கி நாலு நாளாச்சு."

பரீட்சகர் அம்மையார் நிமிர்ந்து பார்த்து எதையோ குறித்தார்.

"இரண்டு நாளாகத் தலைவலிக்கிறது" என்றான் றொக்சன், கொஞ்சம் சத்தமாக.

நிலக்ஷி புன்னகைக்க மறந்துவிட்டாள். காளியாயியின் உதடு வெடித்து, உள்ளே வெள்ளை வெள்ளையாகப் புண். முழங்கைக்குக் கீழே ஊதா நிறத்தில் கன்றல்கள். விரல் மூட்டுகள் இஞ்சிக் கிழங்குபோல வீங்கியிருந்தன.

"கைக்கு என்ன மருந்தும்மா குடிக்கிறீங்க?"

"மூட்டு வருத்தத்துக்கு. இந்தா." காளியாயி மடியிலிருந்து ஒரு பால்மா டின்னை எடுத்தாள். உள்ளே மஞ்சள் குளிசை உறைகள் மூன்று. மூன்றிலும் லேபல். அடியில் சின்ன எழுத்தில் நிலக்ஷியின் பெயர்.

"எப்படிக் குடிச்சீங்க?"

"ஒட்டியிருக்கிற மாதிரியேதான். மகன் வாசிச்சுச் சொன்னான். வேலை இல்லாத நாளு மூனு. ஐப்பசி கார்த்திகையில கொழுந்துன்னா கொழுந்து, ஞாயித்துக்கெழமயும் கைக்காசு. ஒரு நாளும் வேலை நிக்கல. அதனால ஒன்னும் குடிக்கல, எல்லாத்தையும் டின்னுல போட்டு வச்சேன். இப்ப வெயிலு. வாரத்துக்கு நாலு நாளு வேலை இல்லைங்கிறான் கங்காணி. நாலு நாளும் மூனு மூனா குடிச்சேன். மூனு வாரமா ஒரு நாளும் தவறல புள்ள." அந்தக் கடைசி வாக்கியத்தைப் பெருமையோடு சொன்னாள்.

திரைக்குப் பின்னால் றொக்சன் வசன அட்டையைக் கீழே போட்டுவிட்டான்.

"நோயாளி கொஞ்சம் மிகையாக நடிக்கிறார்" என்றார் பரீட்சகர் அம்மையார். "ஆனால் வாய்ப்புண் மிகத் தத்ரூபம். என்ன மை?"

நிலக்ஷி எழுந்துவிட்டாள். இருபத்துநாலு கட்டமும் அவளுக்கு மனப்பாடம். எழுந்து நிற்பதற்கு எந்தக் கட்டத்திலும் புள்ளி இல்லை என்பதும் தெரியும். இன்றைக்குத் தவறினால் இன்னொரு வருடம். ஒருவேளை தான் அவசரப்படுகிறோமோ என்று ஒரு கணம் பார்த்தாள். இரண்டாந்தரம் பார்க்கவில்லை.

"அம்மா, இத இனி ஒன்னுகூடக் குடிக்காதீங்க. டின்ன எங்கிட்டக் குடுங்க. வாங்க, டாக்டர்கிட்டப் போவோம். இப்பவே ரத்தம் பாக்கணும்."

"மகள், உட்காருங்கள்! இன்னும் ஐந்தரை நிமிஷம் இருக்கிறது!" என்றார் கலாநிதி.

"சேர், இவங்க நடிக்கல."

"அதைத் தீர்மானிப்பது பரீட்சகர்!"

அதற்குள் றொக்சன் எங்கிருந்தோ தள்ளுவண்டியைக் கொண்டுவந்துவிட்டான். காளியாயியை ஏற்றினார்கள். போகிறபோது அவள் பரீட்சகர் அம்மையாரைத் திரும்பிப் பார்த்து, "நல்லா நடிச்சேனாம்மா?" என்று கேட்டாள். பத்துக்குப் பத்து என்று அம்மையார் ஏற்கெனவே எழுதியிருந்தார்.

இரத்தம் பார்த்த டாக்டர் காளியாயியை நேராக நாலாம் வாட்டுக்கு அனுப்பினார். இன்னும் ஒரு வாரம் போயிருந்தால் அனுப்ப வேறு இடம்தான் பார்த்திருக்க வேண்டும் என்றார். மற்ற முப்பது பேரையும் கிளினிக்குக்குக் கூப்பிட்டார்கள். இன்னும் இரண்டு பேருக்கு வாயில் புண் இருந்தது.

விசாரணை நடந்தது. கலாநிதி உரையாற்றினார்.

"நடந்தது வருந்தத்தக்கது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்தப் பெண்மணி லேபலை எழுத்துக்கு எழுத்து பின்பற்றியிருக்கிறார். அதாவது எங்கள் லேபல் சமூகத்தைச் சென்றடைந்திருக்கிறது. இதைவிட ஒரு வெற்றி வேண்டுமா? லேபலை மீளாய்வு செய்ய உபகுழு அமைக்கிறோம். அதுவரை மிச்சமிருக்கிற ஒன்பதாயிரத்துச் சொச்சம் லேபலை வீணாக்கக்கூடாது. அது பொதுச் சொத்து."

நிலக்ஷிக்கு இருபத்துநாலுக்கு எட்டு. புன்னகை இல்லை, விடைபெறவில்லை, மேலதிகமாக ஒரு குற்றமும்: 'பரீட்சைப் பொருளான நோயாளியை மண்டபத்திலிருந்து அகற்றியமை.' இன்னொரு வருடம் பயிற்சி. முதலாம் பணியிலிருந்து.

அதே வாரம் நாலாம் வாட்டில் ஒரு சின்ன வைபவம் நடந்தது. ஊசி வழியாக மருந்து ஏறிக்கொண்டிருந்த காளியாயியின் கட்டிலுக்குப் பக்கத்தில் கலாநிதி நின்று, 'வருடத்தின் சிறந்த பாவனை நோயாளி' என்ற திட்டச் சான்றிதழைக் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டார். அதைப் பார்க்கப் பார்க்க நிலக்ஷிக்குக் கைந்நூலில் ஏதோ ஒரு பக்கம் ஞாபகம் வந்தது. எழுபத்தொன்றாம் பக்கம். நாலு தரம் வாசித்தாள். பிறகு டோரீன் மிஸ்ஸிடம் எடுத்துக்கொண்டு ஓடினாள்.

"மிஸ், நான் சரியாத்தான் வாசிக்கிறேனான்னு பாருங்க. 'தகுதியானவர் என்பது இந்நிகழ்ச்சித்திட்டத்தின் சான்றிதழ் ஒன்றைப் பெற்றுள்ள எவரையும் குறிக்கும்.' இந்தத் திட்டத்துல இதுவரைக்கும் யாருக்கு மிஸ் சான்றிதழ் குடுத்திருக்காங்க?"

டோரீன் மிஸ் முதன்முறையாக மருந்து எண்ணுவதை நிறுத்தினார்.

"ஒரே ஒரு ஆளுக்கு" என்றார்.

பன்னிரண்டாம் நாள் காளியாயிக்குத் துண்டு வெட்டி அனுப்பினார்கள். வீட்டுக்குக் கொண்டுபோக ஒரு சத்துக் குளிசை எழுதியிருந்தது. நிலக்ஷி அதை உறையில் போட்டு, பக்கக் கதவால் மருந்தகத்துக்குள் அவளைக் கூட்டிவந்து நாற்காலியில் உட்காரவைத்தாள். ஆஸ்துமாவும் சீனியும் இருந்த அதே நாற்காலி. சான்றிதழ்ப்படி காளியாயி பாவனை நோயாளி; நிஜ நோயாளிக்கு மருந்து கொடுக்கக்கூடாது என்ற தடை அவளைத் தொடாது.

"இது தெனமும் காலையில ஒன்னும்மா. வேலை இருந்தாலும் ஒன்னு, இல்லாட்டியும் ஒன்னு. எங்க, நீங்க சொல்லுங்க."

"இருந்தாலும் ஒன்னு, இல்லாட்டியும் ஒன்னு."

"இப்ப நான் ஒங்க கையில மருந்து குடுத்து வெளங்கப்படுத்தினத நீங்க பாத்தீங்களா?"

"என்னா கேள்வி இது? கண்ண மூடிக்கிட்டா இருந்தேன்?"

"அப்ப இங்க ஒரு கையொப்பம் போடுங்க."

"எனக்கு எங்க கையெழுத்துத் தெரியும் புள்ள."

நிலக்ஷி படிவத்தைப் பார்த்தாள். அது சத்திரசிகிச்சைச் சம்மதப் பத்திரத்தைப் பார்த்துப் பிரதி பண்ணிய படிவம். அடியில் 'கையொப்பம் அல்லது பெருவிரல் அடையாளம்' என்று தெளிவாக இருந்தது. மைப்பெட்டியைத் திறந்தாள். காளியாயியின் பெருவிரல் மடங்காது. ஆனால் இதற்கு மடங்கத் தேவையில்லை. அழுத்தமாக, சுத்தமாக ஒரு அடையாளம் விழுந்தது. ஒரு அதிகாரியும் ஒரு வருடமாகப் போடாத கையொப்பம்.

றொக்சன் ஏற்கெனவே ஜன்னலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். "தள்ளினா வருதில்ல, இழுத்தா வருதில்ல. அட, இங்க பாருங்க மிஸ்! திருகாணி போட்டிருக்காங்க!" வெளியே போய்க் கழற்றினான். பித்தளைப் பலகை ஒரு பக்கம் சரிந்து தொங்கியது. இழுப்புக் கதவு கிறீச்சிட்டுக்கொண்டு திறந்தது. முதலாம் ஜன்னல் வரிசையின் பாதி, யாரும் சொல்லாமலே இந்தப் பக்கம் வந்து நின்றது.

சத்தம் கேட்டுக் கலாநிதி ஓடிவந்தார். நிலக்ஷி படிவத்தை நீட்டினாள். பெருவிரலையும் எழுபத்தொன்றாம் பக்கத்தையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு ஜன்னலைப் பார்த்தார்.

"இதை யார் திறந்துவைத்தது?"

"யாரும் தொறந்து வைக்கல சேர்" என்றார் டோரீன் மிஸ், திரும்பாமலே. "தொறந்திருச்சு."

கலாநிதி அவசரக் கூட்டம் ஒன்றைக் கூட்டப் போய்விட்டார். ஜன்னலுக்கு முன்னால் முதல் ஆளாக நின்றவர், முழங்கால் வீங்கித் தடியூன்றி வந்த சோலைமலை. ஒரு உறையை நீட்டினார். முந்திய நாள் டோரீன் மிஸ் லீவு. பதிலுக்கு வந்தவர், அவருக்குப் புதிதாக எழுதியிருந்த மருந்தைப் பழைய லேபலை ஒட்டி அப்படியே கொடுத்து அனுப்பியிருந்தார். மஞ்சள் குளிசை.

"இன்னும் குடிக்கல புள்ள. கேட்டுட்டுக் குடிப்போம்னு வந்தேன். வேலை இல்லாத நாளுன்னு போட்டிருக்கு. தோட்டத்து செக்ரோல்ல எம்பேர வெட்டி ஆறு வருசமாச்சு. எனக்கு எல்லா நாளும் வேலை இல்லாத நாளுதானே? அப்ப தெனமுமா?"

நிலக்ஷி பேனாவை எடுத்தாள். லேபலில் இருந்ததை, தன் பெயரையும் சேர்த்து, ஒரே கோடாக வெட்டினாள். மேலே பெரிய எழுத்தில் எழுதினாள். எழுதியதை ஒரேயொரு தரம் சரிபார்த்தாள்.

"ஞாயித்துக்கெழம மட்டும் தாத்தா. மத்த நாளு தொடவே கூடாது. வீட்டுல கலண்டர் இருக்கா?"

"மூனு இருக்கு" என்றார் சோலைமலை.